வீடு சோதனைக்கு முன் வாங்குபவரிடம் தரகர் என்ன சொல்லி வைக்க வேண்டும்?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியும். நீங்கள் மதுரையில் வீடு வாங்கி விற்கும் தரகு வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. முன்பு பத்திரத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவர்கள், இப்போது இன்ஜினியரை வைத்து வீட்டையும் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். அவர் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் படித்ததும் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். "சோதனைக்கு முன்னாடியே பார்ட்டியை எப்படித் தயார் பண்ணுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரிப்போர்ட் என்ன சொன்னாலும் வியாபாரம் கலையாமல் இருக்க வழி உண்டா என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நேர்மையான வழி கிடையாது. சில வியாபாரம் கலையத்தான் வேண்டும். ஆனால் கலைய வேண்டிய அவசியமே இல்லாத வியாபாரமும் நிறையக் கலைகிறது. அதைத் தடுக்கலாம், அது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான் சிவில் இன்ஜினியர். முதலில் கட்டட சைட்டில் வேலை பார்த்தேன். பிறகு பல வருடங்களாக மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் வாங்குபவர்களுக்காக வீடு பார்த்து ரிப்போர்ட் எழுதி வருகிறேன். கட்டடத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டம் வரும் இடங்களில் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் வழக்குக்கு ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். வீட்டில் குறை இருப்பதைவிட, அது தெரியவரும் நேரம்தான் பல பேரை ஓட வைக்கிறது. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, சொந்தபந்தத்திடம் சொல்லியாயிற்று, லோனுக்கு பேப்பர் கொடுத்தாயிற்று, கிரகப்பிரவேசத்துக்கு நாள்கூடப் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகு "தளத்தில் கம்பி துருப்பிடித்திருக்கிறது" என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால், அது அவர்களுக்குக் குறையாகத் தெரியாது, ஏமாற்றப்பட்டதாகத் தெரியும். அந்தக் கோபம் முதலில் உங்கள் மேல்தான் பாயும். ஆகவே விலை ஓரளவு ஒத்துவந்ததும், அட்வான்ஸுக்கு முன் சோதனை நடக்கட்டும். விற்பவர் "டோக்கன் வைத்தால்தான் சாவி" என்றால் சிறிய தொகையாக வைத்து, இத்தனை நாளுக்குள் இன்ஜினியர் பார்ப்பார், கட்டட உறுதியில் குறை சொன்னால் டோக்கன் திரும்ப வரும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அமெரிக்காவில் விற்பனை ஒப்பந்தத்திலேயே இப்படி ஒரு நிபந்தனை சேர்ப்பது சாதாரண வழக்கம். நம் ஊர் ஒப்பந்தங்களில் வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும் என்ற வரிதான் இருக்கும். சோதனை பற்றிய நிபந்தனையை யாராவது கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு, அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள். ஆடி மாதத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், ஆனால் வீட்டைப் பார்க்க ஆடி தடையில்லை. ஆடியில் சோதனையை முடித்து ஆவணியில் ஒப்பந்தம் போடுபவர்கள் நிதானமாக முடிவெடுக்கிறார்கள்.

அடுத்து, இது என்ன சோதனை, எது இல்லை என்று வாங்குபவருக்கு விளக்குங்கள். "பேங்க்ல இருந்து இன்ஜினியர் வந்து பார்த்துட்டாரே, அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்?" என்று கேட்பார்கள். பேங்க் அனுப்பும் வேல்யூவர் பேங்குக்காக வருகிறார். கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா, அங்கீகார வரைபடமும் கட்டடமும் ஒத்துப்போகிறதா, சந்தை மதிப்பு என்ன என்பது அவர் வேலை. அவர் மொட்டை மாடித் தட்டோட்டைத் தட்டிப் பார்க்க மாட்டார், சம்ப் மூடியைத் திறக்க மாட்டார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை, அவரை அதற்கு யாரும் அழைக்கவில்லை. பேங்க் லோன் கிடைத்துவிட்டது என்பதை வீடு நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக நீங்களும் பேசாதீர்கள். தெரிந்த கொத்தனாரைக் கூட்டி வருபவர்களும் உண்டு. பூச்சு, தட்டோடு வேலைக்கு என்ன ஆகும் என்று சொல்ல அவரைவிடச் சரியான ஆள் கிடையாது. ஆனால் விரிசல் ஏன் வந்தது, இன்னும் வளருமா என்பது வேறு கேள்வி. வாஸ்து பார்ப்பவரை மட்டும் தயவுசெய்து தனி நாளில், முன்னதாகவே வரவழைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தால் ஈசானிய மூலைப் பேச்சும் பீம் விரிசல் பேச்சும் கலந்து, எதற்காக வீடு வேண்டாம் என்றார்கள் என்பதே கடைசியில் யாருக்கும் தெரியாது.

பிறகு ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள். சொன்னால் போதாது, காட்ட வேண்டும். நீங்கள் முன்பு முடித்த ஒரு வீட்டின் ரிப்போர்ட்டை, பெயர், முகவரி, வாசல் படம் எல்லாம் எடுத்துவிட்டு, அவர்கள் அனுமதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வீட்டுக்கும் ரிப்போர்ட் நீளமாகத்தான் வரும். குறையைத் தேடி எழுதுவதுதான் எங்கள் வேலை, வீட்டைப் பாராட்ட எங்களுக்குப் பணம் கொடுப்பதில்லை. முதல் தடவை அதைப் படிப்பவருக்கு வீடே இடிந்து விழப்போவது போலத் தோன்றும். "இந்த வீட்டில்தான் அவர்கள் இப்போது குடியிருக்கிறார்கள், ரிப்போர்ட்டில் இத்தனை குறை இருந்தது, இதை இதைச் சரி செய்தார்கள், இதற்காக விலையில் இவ்வளவு குறைத்தார்கள்" என்று ஒரு உதாரணத்தைக் கையில் கொடுத்தால், சொந்த ரிப்போர்ட் வரும்போது படிக்கக் கற்றிருப்பார்கள்.

படிக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் மூன்று கேள்வி போதும். இது உயிருக்கு ஆபத்தா? பணம் கொடுத்தால் நிரந்தரமாகச் சரியாகுமா? இப்போது விட்டால் இன்னும் மோசமாகுமா? பெயின்ட் உதிர்வது, கதவுக் கொண்டி ஆடுவது, டைல்ஸ் ஓரம் உடைந்திருப்பது எதற்கும் முதல் கேள்வியில் "ஆம்" வராது. எர்த் சரியில்லாத வயரிங், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத மீட்டர் போர்டு, இரண்டுக்கும் முதல் கேள்வியில் "ஆம்"தான், ஆனால் ஒரு எலக்ட்ரீசியன் வந்து சரி செய்துவிடலாம். வீடுகளில் ஆள் பாதுகாப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுவது வழக்கம். அது இல்லை என்பதற்காக வீட்டை விட வேண்டியதில்லை, ஆனால் குடிபோகும் முன் போட்டாக வேண்டும். இப்படிப் பிரிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பக்கத்தைக் கண்டு பயப்படுவதில்லை.

வாங்குபவர்கள் அதிகம் பயப்படுவது விரிசலுக்குத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டட விரிசல்கள் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1984-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன்படி 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தது மெல்லிய விரிசல், 1 முதல் 2 வரை நடுத்தரம், 2-க்கு மேல் அகலமானது. அகலம் மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. எங்கே, எந்தத் திசையில் என்பதுதான் முக்கியம். காங்கிரீட் பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக மேலிருந்து கீழே வரும் விரிசலை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இரண்டும் வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரிவதால் வருவது அது, வலை வைத்துப் பூசினால் அடங்கும். மொட்டை மாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கையாக ஓடுவதும் பெரும்பாலும் மதுரை வெயில் தளத்தை நீட்டிச் சுருக்குவதால்தான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிப்படியாகச் செங்கல் இணைப்புகளைத் தொடர்ந்து போய், சுவரின் இரண்டு பக்கமும் தெரிகிறது, பக்கத்துக் கதவும் நிலையில் உரசுகிறது என்றால் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். பீமின் அடியிலோ பில்லரின் மூலையிலோ நீள வாக்கில் ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் மேலே மூடியிருக்கும் காங்கிரீட் வெடித்துப் பெயரும்.

இந்தத் துருவுக்கு நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் அடிக்கடி தட்டுப்படுகிறது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் அதே தண்ணீரைக் கலந்தே காங்கிரீட் போட்டிருப்பார்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரக் குறிப்பு 456 சொல்கிறது. கட்டும்போது தண்ணீரைச் சோதித்த தனி வீடுகள் அரிது. அதனால் பழைய வீட்டை விற்கும்போது, கட்டும் காலத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, லாரித் தண்ணீரா, அங்கேயே போட்ட போரா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்திருங்கள். எங்களுக்கு அது உதவும். குடிக்கும் தண்ணீர் வேறு விஷயம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை ஏற்கலாம் என்பது குடிநீர்த் தரம். கையடக்க டிடிஎஸ் மீட்டரில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டு முதல் நாளே எண்ணைச் சொல்லிவிடலாம்.

ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், இரண்டாவது பயம். திருப்பாலைப் பக்கம் ஒரு வீடு, விற்பதற்காகவே புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. வாங்க வந்தவர்கள் கணவன், மனைவி, கூட அவருடைய அப்பா. தரகர் முன்தினமே அவர்களிடம் சொல்லியிருந்தார்: "மாஸ்டர் பெட்ரூம்ல பீரோ வச்சிருக்காங்க பாருங்க, அந்தச் சுவருக்குப் பின்னாடி பாத்ரூம். அங்கே ஓதம் இருக்கும்னு எனக்குச் சந்தேகம், சார் பார்த்துச் சொல்வாரு." பீரோவை நகர்த்தினோம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் மேலே சிறு சிறு கொப்புளம். நகத்தால் கீறினேன், பட்டி மாவு மாவாகக் கொட்டியது. ஈரமானியை வைத்ததும் கத்தியது. பாத்ரூமுக்குள் போய்த் தரை டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தபோது, கழிவுக் குழாய் வாய்க்கருகே நாலைந்து டைல்ஸ் மட்டும் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கொடுத்தன. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதைச் சரி பண்ண எவ்வளவு சார் ஆகும்?" தரகர் முன்தினம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் முதல் கேள்வி "இன்னும் எதையெல்லாம் பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க?" என்றுதான் இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான தரகர்களும் இருக்கிறார்கள். நான் எதைத் தொட்டாலும் பின்னால் நின்று "எல்லா வீட்டிலயும் இருக்கறதுதான் சார்" என்பார்கள். பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் குறை கண்ணில் பட்ட பிறகு, கமிஷன் வாங்கப்போகிறவர் சொல்லும்போது அதை யாரும் நம்ப மாட்டார்கள். அதே வாக்கியத்தை இரண்டு நாள் முன்பே, வீட்டுக்கு வருவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அது அறிவுரை. சோதனை நடக்கும்போது நீங்கள் பேசாமல் இருப்பது நல்லது. கேள்வி கேட்க வேண்டியவர் வாங்குபவர், பதில் சொல்ல வேண்டியவர் இன்ஜினியர்.

இன்ஜினியரை யார் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கவனமாக இருங்கள். ஒரே ஒருவர் பெயரைச் சொல்லாதீர்கள். மூன்று பெயர் கொடுத்து, அவர்களே பேசி, அவர்களே ஃபீஸ் கொடுக்கட்டும். இன்ஜினியரிடமிருந்து நீங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் ரிப்போர்ட் சாதகமாக வந்தாலும் சந்தேகம், பாதகமாக வந்தாலும் சந்தேகம். என்னிடமும் "கொஞ்சம் பார்த்து எழுதுங்க சார்" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்ட தரகரின் அடுத்த வீட்டுக்கு நான் போவதில்லை.

மண்ணையும் மழையையும் பற்றி உள்ளூர்த் தரகருக்குத் தெரிந்த அளவு வெளியூர் பார்ட்டிக்குத் தெரியாது, இங்கேதான் உங்களால் அதிகம் உதவ முடியும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல் மண். கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் ஊறிப் புடைக்கும். அஸ்திவாரத்தைச் சாதாரண ஆழத்தில் நிறுத்திக் கட்டிய வீடுகளில் சித்திரை வைகாசியில் திறக்கும் விரிசல் ஐப்பசியில் பாதி மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் மட்டும் பார்த்தவருக்கு அது சின்னதாகத் தெரியும். கண்மாயை ஒட்டிய, மண் கொட்டி மேடாக்கிய மனைகளில் பிரச்சினை வேறு. கொட்டிய மண் வருடக்கணக்கில் அமுங்கும், அதுவும் வீட்டின் ஒரு மூலை கெட்டி மண்ணிலும் இன்னொரு மூலை கொட்டிய மண்ணிலும் இருந்தால் சாய்வு விரிசல் வரும். கண்மாய், வாய்க்கால் அருகில் என்றால் நில எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் பார்த்துவிட்டு, மழையில் எது வரை தண்ணீர் நின்றது என்று தெருக்காரர்களிடம் கேளுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரையில் எல்லோரும் பார்த்தோம். அந்த வட்டாரத்தில் வீடு காட்டும்போது அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரிந்து அவர்கள் கேட்டபிறகு சொன்னால், சொன்னதாகவே கணக்கில்லை. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் சோதனை வையுங்கள். மாடியில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த சன்ஷேட் சொட்டுகிறது என்பதைக் கருவி இல்லாமலே பார்த்துவிடலாம்.

மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் பழைய வீடுகளை இந்த அளவுகோலால் பார்க்கக் கூடாது. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரம், மேலே செங்கல் பதித்த மெட்ராஸ் டெரஸ் என்று கட்டிய வீட்டில் பில்லரைத் தேடினால் கிடைக்காது. அங்கே உத்தரம் சுவருக்குள் நுழையும் முனை இற்றுப்போயிருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா, பின்னால் யாராவது சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டார்களா என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். எல்லா இன்ஜினியருக்கும் அந்தப் பழக்கம் இருக்காது. பெயர் கொடுக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனையால் என்ன தெரியாது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும், இதை விட்டுவிடும் தரகர்கள்தான் அதிகம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், அதில் எத்தனை கம்பி என்பதை மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. குழி தோண்டினால்தான் தெரியும், அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். சுவருக்குள் போகும் குழாயையும் வயரையும் அறிகுறிகளை வைத்துத்தான் ஊகிக்கிறோம். காங்கிரீட்டின் வலுவைப் பார்க்கச் சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் அழுத்தி எண் எடுப்போம். அந்த எண்ணிலிருந்து கணக்கிடும் வலு 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தரக் குறிப்பே சொல்கிறது. பழைய காங்கிரீட்டின் மேற்பரப்பு காற்றுப் பட்டு இறுகியிருப்பதால் உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். அதனால் "மெஷின் வச்சுப் பார்த்தாச்சு, சூப்பரா இருக்கு" என்று ஒரே எண்ணை நம்பி யாரும் பேசக் கூடாது. கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியும் உண்டு, அதில் இடமும் இடைவெளியும் ஓரளவு நன்றாகத் தெரியும், கம்பியின் விட்டம் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. இதையெல்லாம் கேட்டால் வாங்குபவருக்கு நம்பிக்கை போய்விடுமே என்று நினைக்க வேண்டாம். எல்லாம் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்து வந்தவர்தான், ஆறு மாதம் கழித்துக் குழாய் கசியும்போது உங்களைத் தேடி வருவார்.

சோதனை நாளுக்கான ஏற்பாடுகள் எளிமையானவை, ஆனால் அடிக்கடி கோட்டை விடுவதும் இவற்றில்தான். கரன்ட் இருக்க வேண்டும், மேல்தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும், எல்லா அறைச் சாவியும், மாடிச் சாவியும் வேண்டும், லாஃப்டைப் பார்க்க ஒரு ஏணி வேண்டும். சம்ப் மூடியையும் செப்டிக் டேங்க் மூடியையும் திறக்க ஆள் வேண்டும். பூட்டிய ஒரு அறை, பார்க்காத ஒரு அறை. முன்தினம் பாத்ரூம் தரையில் கழிவு வாயைத் துணி வைத்து அடைத்துத் தண்ணீர் கட்டி வைக்க வீட்டுக்காரர் சம்மதித்தால், கீழ்த்தளத்தில் சொட்டுகிறதா என்று மறுநாள் தெளிவாகத் தெரியும். மொட்டை மாடியிலும் இப்படிச் செய்யலாம், அதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். ஏற்கெனவே தளம் பலவீனமாகத் தெரிந்தால் மாடியில் தண்ணீர் கட்டவே கூடாது, அந்தப் பாரமே ஆபத்து. வாங்குபவர் கட்டாயம் நேரில் இருக்க வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் வீடியோ காலில் முழு நேரமும் இருக்கட்டும். ரிப்போர்ட்டில் படித்த விரிசலைவிட, கண்ணால் பார்த்து "இது ஒன்றும் இல்லை" என்று நேரில் கேட்ட விரிசல் சின்னதாகத் தெரியும்.

விற்பவரிடமும் உங்களுக்கு வேலை இருக்கிறது. விற்பதற்கு முன் பெயின்ட் அடிப்பதைத் தடுக்க முடியாது, ஆனால் அடிப்பதற்கு முன் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவில், தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடியதைப் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு. இந்த இரண்டு வரியையும் இரண்டு பக்கத்துக்கும் நீங்கள் எடுத்துச் சொன்னால், எதற்குச் சோதனை என்று விற்பவரும் முறுக்கிக்கொள்ள மாட்டார். புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையையும் வேலைத்தரக் குறையையும் புகார் சொன்ன 30 நாளுக்குள் கட்டியவர் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். அதனால் சோதனை வேண்டாம் என்றில்லை. ஒப்படைக்கும் நாளில் இருந்த நிலை படத்தோடு பதிவாகியிருந்தால்தான் பிறகு பேச முடியும். ஆனால் நம் ஊரில் ஒன்றிரண்டு வீடாகக் கட்டி விற்பவர்கள் நிறைய. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் அந்தச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய வரம்புக்குள் வராது. அங்கே வாங்கும் முன் செய்யும் சோதனைக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

ரிப்போர்ட் வந்த அன்றே முடிவு கேட்காதீர்கள். இன்ஜினியரோடு ஒரு அரை மணி நேரம் போனில் உட்காரட்டும். பெரிய குறைகளுக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், முடிந்தால் இரண்டு பேரிடம். அந்தத் தொகையை வைத்து விலை பேசுவது எல்லோருக்கும் எளிது. "வீட்டில் குறை இருக்கு, குறைச்சுக்குங்க" என்றால் விற்பவர் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். "பாத்ரூம் தரையை எடுத்துப் போட இவ்வளவு, இதோ எஸ்டிமேட்" என்றால் கணக்குப் பேச்சாகிவிடும். விற்பவரே சரி செய்து தருகிறேன் என்று சொன்னால் நான் பொதுவாக வேண்டாம் என்பேன். விற்றுவிட்டுப் போகிறவர் மலிவாகத்தான் முடிப்பார். விலையில் கழித்துக்கொண்டு, வாங்கியவர் தன் ஆளை வைத்துச் செய்வது நல்லது.

சில வீடுகளில் வாங்குபவர் ஓடினால் நீங்கள் பிடித்து நிறுத்தக் கூடாது. விரிசல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால். தளம் முழுக்கக் கம்பி துருப்பிடித்து, நடுவில் தொய்வும் கண்டிருந்தால். தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரத்தின் மேல் பிற்பாடு ஒன்று, இரண்டு மாடி எழுப்பி, அதற்கு எந்த வரைபடமும் இல்லாமல் இருந்தால். இந்த மூன்றாவது வகை ஆனையூர், வில்லாபுரம், அவனியாபுரம் என்று மெல்ல மெல்ல வளர்ந்த பகுதிகளில் நிறைய உண்டு. எல்லாமே ஆபத்து என்று சொல்ல மாட்டேன், சில நன்றாகவே நிற்கின்றன. ஆனால் நன்றாக நிற்கும் என்று எழுதிக் கொடுக்க என்னிடம் ஆதாரம் இருக்காது. சந்தேகமான விரிசலுக்கு ஒரு வழி உண்டு: விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி, தேதி எழுதிவிட்டுச் சில மாதம் விடுவது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவு காலம் காத்திருக்க இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்தக் குடும்பம் வாழ்நாள் சேமிப்பைப் போடப்போகிறது என்பதை நினைத்து, வேறு வீடு காட்டுங்கள். அவர்கள் உங்களிடமே வருவார்கள், அடுத்தவர்களையும் அனுப்புவார்கள். அப்படித்தான் இந்த ஊரில் நல்ல தரகர்கள் நிலைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. சோதனை முடிந்து பத்திரப் பதிவுக்குள் ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும். பதிவுக்குப் போகும் அன்று காலை வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். கையில் அதே ரிப்போர்ட் இருக்கட்டும். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள், மோட்டாரைப் போட்டுப் பாருங்கள், பேச்சில் சேர்த்த ஃபேனும் கீசரும் சுவரில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள், கரன்ட் மீட்டர் எண்ணைப் போட்டோ எடுங்கள், குடியிருந்தவர்கள் காலி செய்யும்போது உடைத்த டைல்ஸ் இருந்தால் அங்கேயே பேசி முடியுங்கள். அதற்குப் பிறகு பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பலாம்.